ட்ரவுட் ஃப்ளைகளுக்குப் புளூகில் சிக்குமா? – வாசகர் கேள்வி பதில்

வட அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் பலர் ஃப்ளை மீன்பிடிப்பைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தூண்டில் முள்ளின்மேல் இறகு, உரோமம், நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியைப் போலக் கட்டப்படுவதே ஃப்ளை. குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனுக்கென்று கட்டப்பட்ட ஃப்ளைகளைக் கொண்டு, ஏரி குளங்களில் வாழும் புளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி போன்ற சிறு மீன்களைப் பிடிப்பது பற்றியே பெரும்பாலான கேள்விகள் அமைந்திருப்பதால், அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் விடை தருகிறோம். இச்சிறு மீன்களை அங்கே பான்ஃபிஷ் என்ற பொதுப்பெயரால் அழைக்கிறார்கள்.

கேள்வி: ட்ரவுட் பிடிப்பதற்காக ஒரு பெட்டி நிறைய ஃப்ளைகள் வைத்திருக்கிறேன். கோடையில் ஆற்று நீர் சூடாகிவிட்டால் ட்ரவுட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியில் புளூகில் ஏராளம். இதே ஃப்ளைகள் அதற்கும் உதவுமா, அல்லது தனியாக வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மிச்சிகன்

பதில்: உதவும். புதிதாக எதையும் வாங்காமலே இந்தக் கோடையை நீங்கள் மகிழ்ச்சியாகக் கழிக்கலாம். ட்ரவுட்டை விட்டுவைக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆற்று நீர் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. அந்த நேரத்தில் தூண்டிலோடு போராடிக் களைத்த ட்ரவுட், பத்திரமாகத் திருப்பி விடப்பட்டாலும் பிழைக்காமல் போகக்கூடும். புளூகிலுக்கு அந்த வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. ட்ரவுட் ஒதுங்கும் பருவத்தில்தான் அது சுறுசுறுப்பாக இரை தேடுகிறது.

ட்ரவுட் ஃப்ளை என்று நாம் பிரித்துச் சொல்வது கடைக்காரரின் வசதிக்கான பிரிவுதான். இன்று ட்ரவுட் பிடிப்பவர்களின் பெட்டிகளில் தவறாமல் காணப்படும் வூலி பகர் என்னும் ஃப்ளையை 1967-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரசல் பிளெசிங் கட்டியபோது, அவர் மனத்தில் இருந்தது ட்ரவுட் அல்ல, ஸ்மால்மௌத் பேஸ் என்னும் மீன். அந்த மீன் விரும்பி உண்ணும் ஒரு பெரிய நீர்ப்புழுவைப் போல அது இருக்க வேண்டும் என்றே அவர் முயன்றார். உங்கள் மாநிலத்தின் மேஃபீல்டில் 1922-இல் லியோனார்ட் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்னும் மிதக்கும் ஃப்ளையும் குறிப்பிட்ட ஒரு பூச்சியின் அச்சு அசலான நகல் அன்று. பல பூச்சிகளின் பொதுச் சாயலைத்தான் கொண்டிருக்கிறது. இவ்வாறு பொதுச் சாயலில் கட்டப்பட்ட ஃப்ளைகளே புளூகிலுக்கு மிகவும் ஏற்றவை. ஹேர்ஸ் இயர், ஃபெசன்ட் டெய்ல், பிரின்ஸ் ஆகிய நிம்ஃப்கள் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போலக் கட்டப்பட்டவை), மிதக்கும் எல்க் ஹேர் கேடிஸ், மென்மையான இறகு சுற்றிய, நீரில் மூழ்கும் ஈர ஃப்ளைகள், மிதக்கும் நுரைப்பொருளான ஃபோமில் செய்த எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி ஆகிய அனைத்தையும் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஏரியில் மேஃப்ளை என்னும் பூச்சி, ஊசித்தும்பி, தும்பி ஆகியவற்றின் இளம்பூச்சிகளே புளூகிலின் அன்றாட உணவில் பெரும்பங்கு வகிப்பதால், மங்கிய பழுப்பும் ஆலிவ் பச்சையும் கொண்ட நிம்ஃப்களை முதலில் முயல்வது நல்லது.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது கவனிக்க வேண்டியது முள்ளின் அளவு. ட்ரவுட்டுக்காகக் கட்டப்பட்டவற்றில் 16, 18 என்னும் எண்களைக் கொண்ட மிகச் சிறிய முட்களே நிறைய இருக்கும். எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். புளூகிலுக்கு 10, 12 ஆகிய எண்களே பொருத்தமானவை. இதற்கு உங்கள் மாநிலத்திலேயே செய்யப்பட்ட ஓர் ஆய்வு துணை நிற்கிறது. ஏர்ல் வெர்னர், டொனால்ட் ஹால் ஆகிய இரு சூழலியல் அறிஞர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில், டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரியைப் பல அளவுகளில் புளூகிலுக்குக் கொடுத்துப் பார்த்ததை விவரித்திருக்கிறார்கள். இரை அரிதாக இருந்தபோது மீன் எதிர்ப்பட்டதையெல்லாம் தின்றது. இரை மிகுந்தபோதோ பெரியவற்றைத் தேர்ந்து தின்றது. உணவு நிறைந்த கோடைகால ஏரியில் 18-ஆம் எண் ஃப்ளையைவிட 10-ஆம் எண் ஃப்ளைக்கு நல்ல மீன்கள் வருவதில் வியப்பில்லை.

கேள்வி: ஆற்றில் ட்ரவுட் பாய்ந்து வந்து எடுக்கும் அதே ஆடம்ஸ் ஃப்ளையைக் குளத்தில் வீசினால், புளூகில் அருகில் வந்து நின்று பார்க்கிறது, பிறகு திரும்பிவிடுகிறது. ஃப்ளையை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, ஓஹையோ

பதில்: ஃப்ளையை மாற்றும் முன் அதைக் கையாளும் முறையை மாற்றிப் பாருங்கள். ஓடும் நீரில் ட்ரவுட்டுக்குச் சிந்திக்க நேரம் கிடையாது. நீரோட்டம் கொண்டுவரும் இரையை அந்தக் கணமே எடுக்காவிட்டால் அது கடந்து போய்விடும். புளூகில் வாழ்வது நின்ற நீர். தட்டையான, உயரமான உடலும் அகன்ற பக்கத்துடுப்புகளும் இருப்பதால், அது நீரில் ஒரே இடத்தில் அசையாமல் நின்று, பின்னோக்கியும் நகர்ந்து, இரையை விரற்கடைத் தூரத்திலிருந்து சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனையின்போது ஃப்ளை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஃப்ளை நீரில் விழுந்ததும் எழும் வளையங்கள் முழுவதும் அடங்கும்வரை அதைத் தொடாதீர்கள். அடங்கிய பிறகும் சற்றுப் பொறுத்திருந்து, அதன் இறகு மட்டும் நடுங்கும் அளவுக்கு நூலை மிக மெல்ல ஒருமுறை இழுத்து, மறுபடியும் அசையாமல் விடுங்கள். பெரும்பாலான மீன்கள் அந்த இரண்டாவது அமைதியில்தான் வாய் திறக்கின்றன. ஆற்றில் பழகிய கைகள் ஃப்ளையை எடுத்து எடுத்து வீசவே விரும்பும். குளத்தில் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆடம்ஸைச் சுற்றிலும் விறைப்பான சேவல் இறகு நிற்பதால் அது நீரின்மேல் உயர்ந்து மிதக்கிறது. புளூகில் இரையைக் கடித்து எடுப்பதில்லை. வாயைச் சட்டென விரித்து, நீரோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கிறது. அந்தச் சிறிய வாய்க்கு முன்னால் உயர்ந்து நிற்கும் விறைப்பான இறகு ஒரு தடையாகவே இருக்கும். அடிப்பக்க இறகை முள்ளுக்கு இணையாகக் கத்தரித்துவிட்டால், ஃப்ளை நீரோடு ஒட்டித் தாழ்ந்து மிதக்கும். உறிஞ்சும்போது எளிதாக உள்ளே போகும். ஓரிரு மீன்களைப் பிடித்தவுடன் இறகு ஃப்ளை மீனின் வழவழப்பு ஒட்டி நனைந்து மூழ்கத் தொடங்கிவிடும் என்பதால், நாள் முழுவதும் மேல்பரப்பில் பிடிக்க விரும்பினால் ஃபோம் எறும்பும் ஃபோம் வண்டுமே சிறந்த துணை.

அப்படியும் மீன் திரும்பிப் போனால், மிதக்கும் ஃப்ளையைக் கைவிட்டு, எடை சேர்க்காத ஈர ஃப்ளை ஒன்றைக் கட்டி, அதை மெல்ல மூழ்க விடுங்கள். புளூகில் பிடிப்பதில் வண்ணம், வடிவம் ஆகிய எல்லாவற்றையும்விட முக்கியமானது ஃப்ளை மூழ்கும் வேகம் என்பது என் உறுதியான கருத்து. மீனின் கண் முன்னால் மெல்ல, தடுமாறாமல், ஏறத்தாழ எடையே இல்லாததுபோல் இறங்கும் எந்த ஃப்ளையையும் அது மறுப்பது அரிது. மென்மையான கௌதாரி இறகை ஒரு சுற்றுச் சுற்றிய எளிய ஈர ஃப்ளை, நீங்கள் இழுக்காவிட்டாலும் தன் இறகுகளை அசைத்துக்கொண்டே இறங்கும். ரப்பர் கால்கள் கொண்ட சிலந்தி ஃப்ளைகளைப் பான்ஃபிஷ் பிடிப்பவர்கள் தலைமுறைகளாக நம்பி வருவதற்கும் இதே மெதுவான இறக்கம்தான் காரணம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் நிம்ஃப்கள் அனைத்தும் தலையில் உலோக மணி வைத்தவை. கோடையில் ஏரிக்கரையோரம் விரல் நீள மீன்கள் மட்டுமே கிடைக்கின்றன. பெரிய புளூகில்கள் எங்கே போகின்றன?
– ஒரு வாசகர், இந்தியானா

பதில்: முதலில் மீன்கள் எங்கே என்பதைப் பார்ப்போம். கேரி மிட்டல்பாக் 1980-களின் தொடக்கத்தில் மிச்சிகன் ஏரிகளில் செய்த ஆய்வுகள் இதற்கு அழகாக விடை தருகின்றன. சிறு புளூகில்கள் பேஸ் மீனுக்குப் பயந்து நீர்ச்செடிகளுக்கு நடுவிலேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்ட பெரியவை, கோடையில் செடிகளை விட்டு வெளியேறி, திறந்த நீரில் மிதக்கும் டாஃப்னியா போன்ற நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைத் தின்னப் போய்விடுகின்றன. ஆகவே கரையில் நின்று செடிகளுக்கு நடுவே வீசுகிறவருக்குச் சிறியவை கிடைப்பது இயல்பே. செடிகள் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில், இரண்டரை முதல் நான்கரை மீட்டர் ஆழத்தில், ஃப்ளையை நிறுத்த முயலுங்கள். விடியற்காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் பெரியவை மறுபடி ஆழமற்ற பகுதிக்கு வருவதுண்டு.

அந்த ஆழத்துக்கு உங்கள் மணித்தலை நிம்ஃப்கள் நன்றாகவே பயன்படும். முழங்கால் ஆழத்தில் அவை மீனைக் கடந்து விரைந்து தரையில் போய் விழுந்துவிடும். அங்கே அவற்றைப் பயன்படுத்த விரும்பினால், சிறு தக்கை ஒன்றை மேலே கட்டி, ஃப்ளை மீன்கள் நிற்கும் மட்டத்தில் தொங்குமாறு செய்துகொள்ளுங்கள். லேசான காற்றில் நீர் அலையும்போது தக்கை ஏறி இறங்க, நிம்ஃப்பும் கூடவே மெல்ல ஏறி இறங்கும். அதைவிட நல்ல அசைவை நம் கையால் கொடுப்பது கடினம்.

தக்கை இல்லாமல் ஆழத்தைத் தேட எளிய வழி எண்ணுவது. ஃப்ளை நீரைத் தொட்டதும் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, முதல் வீச்சில் ஐந்து வரை, அடுத்ததில் பத்து வரை, பிறகு பதினைந்து வரை என்று மூழ்கவிட்டு, ஒவ்வொரு முறையும் மெல்ல இழுத்து வாருங்கள். எந்த எண்ணில் மீன் எடுக்கிறதோ, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் அதே மட்டத்தில் நிற்கும் மற்ற மீன்களும் கிடைக்கும். ஃப்ராங்க் சாயர் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றங்கரையில் உருவாக்கிய ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் இதற்கு மிகவும் ஏற்றது. நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியையே சுற்றிக் கட்டினார் என்பதால், அது மணி வைத்ததைப்போலக் கல்லாய் விழாமலும், ஈர ஃப்ளையைப்போல மிகத் தயங்காமலும், இடைப்பட்ட சீரான வேகத்தில் இறங்கும். புளூகில் உறிஞ்சிய வேகத்திலேயே உமிழ்ந்துவிடும் என்பதால், ஃப்ளை இறங்கும்போது நூல் நீரைத் தொடும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். நூல் சற்றே துள்ளினாலோ, இறங்க வேண்டிய நூல் நின்றுவிட்டாலோ, கோலை மென்மையாக உயர்த்துங்கள்.

கேள்வி: சிறு புளூகில்கள் ஃப்ளையைத் தொண்டைவரை விழுங்கிவிடுகின்றன. முள்ளை எடுக்க முயலும்போது மீன் இறந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். என் மகளும் உடன் வருவதால் அவள் வருந்துகிறாள்.
– ஒரு வாசகி, பென்சில்வேனியா

பதில்: உங்கள் மகளின் வருத்தம் நியாயமானது, அதைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும். முள் சிறிதாக இருந்தால் மீனுக்குப் பாதிப்புக் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். புளூகில் விஷயத்தில் உண்மை அதற்கு நேர்மாறானது. 14, 16-ஆம் எண் ட்ரவுட் நிம்ஃப்கள் அந்தச் சிறிய வாயில் தடையின்றி நுழைந்து, செவுள் வரை போய்விடுகின்றன. 10-ஆம் எண் முள் உதட்டோரத்திலேயே நின்றுவிடும். மிகச் சிறிய மீன்களால் அதை வாய்க்குள் எடுக்கவே முடியாது என்பதால், விரல் நீள மீன்கள் தாமாகவே விலக்கப்பட்டுவிடும். முள்முனைக்குப் பின்னால் உள்ள எதிர்க்கூரை வீட்டிலேயே இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நூல் தொய்வில்லாமல் இருக்கும்வரை மீன் அதனால் தப்பாது. கழற்றுவதோ மிக எளிதாகிவிடும்.

கூரான மெல்லிய இடுக்கி ஒன்றை எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருங்கள். மீனைத் தொடும் முன் கைகளை நனைத்துக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கிக் கையை நகர்த்தி முதுகுத்துடுப்பை மடக்கிப் பிடித்தால் அதன் முட்கள் குத்தாது. குழந்தைகளுக்கு இதை முதலில் கற்றுக் கொடுப்பது நல்லது. அத்தனைக்கும் பிறகு ஃப்ளை கண்ணுக்கே தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டால், அதைப் பிடுங்க வேண்டாம். வாய்க்கு அருகில் நூலை வெட்டி மீனை விட்டுவிட்டால், அது பிழைப்பதற்கான வாய்ப்புக் கூடுகிறது.

கேள்வி: கிராப்பி, ரெட்இயர் ஆகிய மீன்களுக்கும் இதே ஃப்ளைகள் போதுமா?
– ஒரு வாசகர், டென்னசி

பதில்: கிராப்பிக்கு வூலி பகரும், சிறு மீனைப் போலக் கட்டப்பட்ட பிற ஸ்ட்ரீமர்களும் போதும், 8 அல்லது 10-ஆம் எண் முள் சரியாக இருக்கும். வளர்ந்த கிராப்பி பெரும்பாலும் சிறு மீன்களையே தின்பது. அதன் கண்கள் மேல்நோக்கி அமைந்திருப்பதால், தனக்கு மேலே இருக்கும் இரைக்கு எழும்பி வருமே தவிர, கீழே இருப்பதற்கு அவ்வளவு எளிதில் இறங்காது. ஃப்ளை அதன் மட்டத்துக்குச் சற்று மேலேயே செல்ல வேண்டும். அதன் வாயோரச் சவ்வு மிகவும் மெல்லியது. சுண்டி இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால், கனம் தெரிந்ததும் கோலை உயர்த்தினால் மட்டும் போதும்.

ரெட்இயரின் இயல்பு வேறு. தொண்டையில் உள்ள பற்களால் நத்தை ஓடுகளை நொறுக்கித் தின்னும் மீன் அது. மேல்பரப்புக்கு அரிதாகவே வருகிறது. ஹேர்ஸ் இயர் நிம்ஃப் ஒன்றைத் தரையில் கிடத்தி, நத்தை நகரும் வேகத்தில் இழுப்பதே அதற்கான வழி. பொறுமை தேவைப்படும், ஆனால் கிடைக்கும் மீன் பெரும்பாலும் புளூகிலைவிடப் பெரிதாக இருக்கும்.

கேள்வி: ட்ரவுட்டுக்கு நான் பயன்படுத்தும் கோலும் நூலும் போதுமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: போதும். 5-ஆம் எடை, 9 அடிக் கோல் எல்லாவற்றுக்கும் உதவும் (எடை என்பது கோல் வீசும் நூலின் கனத்தைக் குறிக்கும் எண்). 3-ஆம் எடைக் கோல் இருந்தால் மீனின் பலத்தை இன்னும் நன்றாக உணரலாம். புளூகில் தன் தட்டையான உடலைப் பக்கவாட்டில் திருப்பி, வட்டமிட்டுச் சுற்றிப் போராடும். நுனி நூலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ட்ரவுட்டுக்கான 6 எக்ஸ் நூலின் தடிமன் 0.13 மில்லிமீட்டர், 10-ஆம் எண் ஃப்ளையை அதில் கட்டி வீசினால் நூல் முறுக்கிக்கொள்ளும். 0.18 மில்லிமீட்டர் தடிமனுள்ள 4 எக்ஸ் நூல் சரியாக இருக்கும், புளூகில் நூலைக் கண்டு அவ்வளவாகக் கூச்சப்படுவதும் இல்லை.

கேள்வி: ஜூன் மாதத்தில் ஆழமற்ற நீரில் வட்ட வட்டமான குழிகளில் பெரிய புளூகில்கள் நிற்கின்றன, எந்த ஃப்ளையைப் போட்டாலும் எடுக்கின்றன. அவற்றைச் சமைக்க எடுத்துச் செல்லலாமா?
– ஒரு வாசகர், மினசோட்டா

பதில்: சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் எடுத்துச் செல்லலாம், இருந்தாலும் அந்தக் குழிகளில் நிற்கும் பெரிய மீன்களை எடுக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீர் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸை எட்டியதும் ஆண் புளூகில்கள் வாலால் மணலை விலக்கி, பக்கம் பக்கமாகக் குழிகள் அமைக்கின்றன. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விட, ஆண் மீனே சில நாட்கள் அங்கே நின்று, துடுப்பால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் பாய்ச்சி, பொரித்த குஞ்சுகள் நீந்திப் போகும்வரை காவல் காக்கிறது. குழிக்குள் விழும் எதையும் முட்டை தின்ன வந்த எதிரியாகக் கருதி அது வாயால் எடுத்து அப்புறப்படுத்தும். அந்த நாட்களில் எந்த ஃப்ளையும் பலிப்பதற்கு இதுவே காரணம். காவலன் அகன்ற சிறிது நேரத்திலேயே அக்கம்பக்கத்துச் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள ஒப்பினிகன் ஏரியில் மார்ட் கிராஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தபோது, காவல் காக்கும் ஆண்கள் ஏறத்தாழ ஏழு வயதில்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகின்றன என்பதைக் கண்டார். இரண்டு வயதிலேயே முதிர்ந்து, கூடு கட்டாமல், பெரியவற்றின் கூட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் சிறு ஆண்களும் அங்கே இருந்தன. பெரிய ஆண்கள் கூட்டத்தில் இருக்கும்வரை இளைய ஆண்கள் போட்டிக்கு இறங்காமல் உடலை வளர்ப்பதில் காலம் கழிக்கின்றன. பெரியவற்றை நாம் தொடர்ந்து எடுத்துவிட்டால், இளையவை வளர்வதை நிறுத்திவிட்டு முன்கூட்டியே முதிர்ந்துவிடும். சில ஆண்டுகளில் அந்த ஏரி முழுவதும் கையகல மீன்கள்கூட இல்லாமல் விரல் நீள மீன்களால் நிறைந்துவிடுகிறது. உங்கள் மாநில இயற்கை வளத்துறை தெரிவு செய்த சில ஏரிகளில் ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளும் மீன்களின் எண்ணிக்கையை 10 ஆகவும், சிலவற்றில் 5 ஆகவும் குறைத்திருப்பது இந்த நிலையைத் தடுக்கத்தான். புறப்படும் முன் உங்கள் ஏரிக்கான விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சமைப்பதற்கு 15 முதல் 18 சென்டிமீட்டர் வரையுள்ள நடுத்தர மீன்களே போதும். சுவையில் அவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. 20 சென்டிமீட்டரைத் தாண்டியவற்றைத் திருப்பி விட்டுவிடுங்கள். குழிகளின் மேல் வீசாமல், அவற்றுக்கு வெளியே ஆழம் தொடங்கும் இடத்தில் ஈர ஃப்ளையை மூழ்கவிட்டால், காவலில் இல்லாத மீன்கள் கிடைக்கும். உங்களுக்குத் தேவையான நடுத்தர அளவு மீன்களும் அங்கேதான் கூடுதலாக நிற்கும்.